வாரில் இரண்டு புள்ளி

ஜனவரி 9

என்னங்க,

ஆண்டவன் துணை. இங்கே நானும் மகளும் நலம். நீங்கள் புது டிப்போவுக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. நேற்றும் அப்படித்தான். எடை பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "ஏன், என்னைக் கிலோ கணக்குல விக்கப் போறியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் இனி எழுதுகிறேன். எழுதினால் பாதிக் கோபம் பேனாவிலேயே வடிந்துவிடும். நீங்களும் எழுதுங்கள். போனில் சாப்பாடு ஆயிற்றா என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

உங்களுக்கு மறதி அதிகம். ஆகவே நோட்டிலிருந்து ஒருமுறை எடுத்து எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தினீர்கள். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. கண்டக்டர் அண்ணன் வந்து தோளைத் தட்டியபோது ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஒயர்களை மாட்டிப் படுக்கவைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பத்திரண்டு முறை உங்களுக்கு மூச்சு நிற்கிறது என்றார்கள். மெஷின் கொடுத்தார்கள். மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை ஊதித் தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். தொண்ணூறு நாள், நாளுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்ட வேண்டும், மெஷினுக்குள் இருக்கும் கார்டு அதைப் பதிந்து வைக்கும், எடையும் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 20: எடை 118. கழுத்து பதினெட்டரை அங்குலம்.
டிசம்பர் 20: எடை 104. கழுத்து பதினேழு.

பதினாலு கிலோ. காலையும் மாலையும் நாலு மாடி ஏறி இறங்கினீர்கள். அளவுக் கிண்ணத்தைத் தாண்டி ஒரு கரண்டி கேட்டதில்லை. நானே வைக்கப் போனாலும் கையால் தட்டை மூடினீர்கள். கார்டைப் பார்த்துவிட்டு டாக்டர், இவ்வளவு ஒழுங்காக மாஸ்க் மாட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை என்றார். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷினை அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. பார்சலில் அனுப்பட்டுமா? சனிக்கிழமைதோறும் எடை பார்த்து எழுதுங்கள். காலில் செருப்பு இல்லாமல், சாப்பிடுவதற்கு முன்னால்.

இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். தாளில் இடம் இல்லை.

உங்கள் மனைவி


ஜனவரி 17

கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தாளில் இடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கீழே அரைப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. உன் கணக்கில் இப்படி ஒரு தப்பு வந்து நான் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று எழுது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாயா?

இந்த ரூமில் ஐந்து டிரைவர்களுக்கு மூன்று கட்டில். ஒருத்தன் எழுந்த சூட்டில் இன்னொருத்தன் படுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஒர்க்‌ஷாப். பகல் பூராவும் டயரைச் சுத்தியலால் அடிக்கிறான். இங்கே உன் யானைத் தும்பிக்கையை மாட்டிக்கொண்டு படுத்தேன் என்று வை, ரிட்டயர் ஆகும் வரை என்னைக் கணபதி என்றுதான் கூப்பிடுவான்கள். அனுப்பாதே. டாக்டரே கார்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார், மூச்சு நிற்பதே இல்லையாம். குண்டு இருந்தது, வியாதி இருந்தது. குண்டு போச்சு, வியாதியும் போச்சு. காலையில் எழுந்து பார்த்தால் திரையில் ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் என்று காட்டுமே, எனக்கே ஆச்சரியமாக இருக்கும். மாட்டின ஞாபகம் இருக்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது. செத்த மாதிரித் தூங்கியிருக்கிறேன்.

எடை பார்க்க இங்கே மெஷின் கிடையாது. பார்சல் ஆபீஸில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். கிளார்க் பெரிய கிண்டல்காரர். ரசீதே எழுதிக் கொடுத்துவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன், நோட்டில் ஒட்டிக்கொள். "சரக்கு: டிரைவர், ஒன்று. எடை: 104½. உடையும் பொருள் அல்ல."

நெட்டையும் இந்த டிப்போவுக்கே மாற்றல் வாங்கி வந்துவிட்டான். பதினெட்டு வருஷம் என் வண்டியிலேயே டிக்கெட் கிழித்தவன், வேறு டிரைவரின் பிரேக் அவன் காலுக்குப் பழக்கமில்லையாம். ஏழு மணி நேர ரூட். நல்ல ரோடு. வளைவே இல்லை.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 25

என்னங்க,

ஆண்டவன் துணை. ரசீதை ஒட்டிவிட்டேன். அந்தப் பார்சல்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அரைக் கிலோ கூடியிருப்பதற்குச் செருப்பு காரணமா, சாப்பாடு காரணமா என்று தெளிவாக எழுதவில்லை.

வளைவே இல்லாத ரோடு என்று படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வளைவு இருந்தால் கை வேலை செய்யும். நேர் ரோட்டில் கைக்கு என்ன வேலை?

மெஷினைப் பற்றி மறுபடி கேட்கிறேன். ரூமில் உள்ளவர்கள் நாலு நாள் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள் அவர்களுக்கே அலுத்துவிடும். உங்கள் எடை 118 இருந்தபோது உங்களைக் குண்டன் என்று சொல்லாதவர் யார்? அதற்கெல்லாம் வருத்தப்பட்டவரா நீங்கள்?

மகள் நேற்று ஒன்று சொன்னாள். "அம்மா, நீ இப்பல்லாம் காய் நறுக்கும்போது தூங்கி வழியறதே இல்லை. அப்பா ஊர்ல இல்லாதது உனக்கு ஒத்துக்கிச்சு போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்

இந்த இடத்தில் நாலு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதீர்கள். ஒன்றும் இல்லை.

எண்ணெயில் பொரித்தது வேண்டாம். டீ இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். உங்கள் எடை தொண்ணூறு வரும் வரை நான் சர்க்கரை தொடுவதில்லை என்று ஆண்டவனிடம் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி


பிப்ரவரி 7

கணக்குக்கு,

வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அடிப்பதிலும் உனக்கு ஒரு சுத்தம்.

எடை இரண்டு வாரத்துக்கு முன் 105. போன வாரம் பார்க்காமல் ஏமாற்றினேன், ஒத்துக்கொள்கிறேன். இந்த வாரம் 108. கத்தாதே. இங்கே வண்டி ஓட்டுவது அங்கே மாதிரி இல்லை. சட்டைப் பையில் இரண்டு பக்கமும் வேர்க்கடலை. டேஷ்போர்டில் பிஸ்கட். வாய் அசைந்துகொண்டே இருந்தால்தான் கண் அசையாமல் இருக்கும். இது எல்லா டிரைவரும் செய்வதுதான். நெட்டை வேறு டிக்கெட் கொடுத்து முடித்ததும் சீட்டில் உட்காராமல் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே வருகிறான். அவன் மச்சான் பெண் பார்க்கப் போன கதை. ஒரு மாசமாக ஓடுகிறது, இன்னும் பெண் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. "கேக்கறியாடா" என்று நடுநடுவே கேட்பான். "ம்" கொட்டாவிட்டால் சத்தத்தை ஏற்றுவான். பின்னால் இருக்கிறவர்களும் இப்போது அந்தக் கதைக்குப் பழகிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்டாப்பில் நிறுத்தாமல் வந்துவிட்டேன். இறங்க வேண்டிய அம்மா ஒருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. நிறுத்த மறந்தது இல்லை. ஸ்டாப் வந்ததே எனக்குத் தெரியவில்லை. பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்தால் இப்படித்தான் அசதி வரும் என்று ரூமில் சொல்கிறார்கள். நீ அளந்து அளந்து போட்டதன் பலன். இப்போது கொஞ்சம் தின்றால் சரியாகிவிடும்.

மகளிடம் சொல், அப்பா இல்லாதது அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால் அப்பா இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று.


பிப்ரவரி 11

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 104½, 105, எழுதாத வாரம் ஒன்று, 108. இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்குப் பசி தெரியவில்லை, தூக்கம்தான் தெரிகிறது. நீங்கள் விழித்திருப்பதற்காகத் தின்கிறீர்கள். தின்பதால் ஊதுகிறீர்கள். ஊதினால் தொண்டை இன்னும் அடைக்கும். உங்களுக்கு வியாதி போகவில்லை. போகாது என்று எனக்கு டிசம்பரிலேயே தெரியும். ஏன் என்று இப்போது எழுதுகிறேன். தாளில் இடம் இருக்கிறது.

கார்டில் இருந்தது உங்கள் மூச்சு இல்லை. என் மூச்சு.

ஆரம்பத்தில் நீங்கள் மாஸ்க்கை மாட்டிப் படுத்த ஒரு மணி நேரத்தில் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். எழுப்பி மாட்டினால் கையைத் தட்டிவிடுவீர்கள். காலையில் கேட்டால் நினைவே இருக்காது. முதல் பன்னிரண்டு நாளில் நாலு மணி நேரம் தாண்டியது மூன்றே நாள். இப்படியே போனால் வண்டி இல்லை என்று ஆகிவிடும். பதின்மூன்றாம் நாள் மெஷின் தரையைப் பார்த்து ஊதிக்கொண்டு கிடந்தது. நிறுத்தப் போனவள் நிறுத்தாமல் என் மூக்கில் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் கணக்காவது நேராகட்டும் என்றுதான் செய்தேன். உங்கள் தலைக்கு வைத்த மாஸ்க் வார் எனக்குத் தளர்ந்தது. இறுக்கினேன். காலையில் பழையபடி வைக்க வேண்டுமே என்று, உங்கள் அளவுக்கு ஒரு பேனாப் புள்ளியும் என் அளவுக்கு ஒரு புள்ளியும் வைத்தேன்.

அன்று காலை எனக்குத் தலைவலி இல்லை. எத்தனை வருஷத் தலைவலி அது, கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் போகாதது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கடைசி வரி வரைக்கும் விழித்திருந்து சொல்லி முடித்தேன். உங்களுக்குத் தெரியாது, நான் எப்போதும் பாதியிலேயே தூங்கி விழுவேன். என் பக்தியில்தான் கோளாறு, மனசு ஒட்டவில்லை என்று இத்தனை காலம் அழுதிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது தூக்கக் குறை என்று தெரிந்தது.

முதல் பத்து நாள் உங்களுக்காக மாட்டினேன். அதற்குப் பிறகு எனக்காக. இதைத்தான் நாலு வரி எழுதி அடித்தேன். நீங்கள் எப்போது பிடுங்கி எறிவீர்கள் என்று காத்திருந்தேன். உங்களை எழுப்பி மாட்டுவதை விட்டுவிட்டேன். தொண்ணூறு நாளில் உங்கள் கணக்கு பத்தொன்பது நாள். மீதி எழுபத்தொன்று என்னுடையது. நோட்டில் உண்மையான எண்களைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை, பொய் செய்ய மட்டும் வந்தது.

மெஷினை அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று எழுதினீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நேற்று வரைக்கும் தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்கினேன். அங்கே நீங்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு ஓட்டியிருக்கிறீர்கள்.

இன்று மெஷினைத் துடைத்து பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்துவிடும். உங்கள் காலைத் தொட்டுக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், டிப்போவில் சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்குங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 15

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப் சுவரில் உட்கார்ந்திருந்தேன். நெட்டை வந்து யார் செத்தது என்று கேட்டான்.

நீயே பொய்க் கணக்குக் காட்டி வண்டியை வாங்கித் தருவாய். நான் ஏறி உட்கார்ந்த பிறகு நீயே இறங்கு என்பாய். நான் என்ன, நீ எடுத்து வைக்கிற பாத்திரமா? டிப்போவில் போய் என்ன சொல்வேன்? என் பெண்டாட்டி எனக்குப் பதில் மூச்சு விட்டாள் என்றா? சிரிப்பார்கள், அப்புறம் வீட்டுக்கு அனுப்புவார்கள். உன்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். இருபத்தாறு வருஷம் ஒரு நாய் மேல்கூட ஏற்றாதவன் நான்.

ஒன்று மட்டும் சொல். அந்தப் பதினாலு கிலோவாவது என்னுடையதா? நாலு மாடியை ஏறி இறங்கியது என் முழங்கால்தானே? இல்லை, அதையும் நீதான் குறைத்தாயா?

எனக்கு எழுதாதே. கொஞ்ச நாளைக்கு உன் எழுத்தைப் பார்க்க முடியாது.


பிப்ரவரி 22

என்னங்க,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

பதினாலு கிலோவும் உங்களுடையது. அதில் ஒரு கிராம்கூட எனக்குச் சேராது. மழை பெய்த நாளில்கூட ஏறினீர்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன், இவ்வளவு குறைந்தவருக்கு எப்படியும் சரியாகியிருக்கும் என்று.

போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று கண்டக்டர் அண்ணனுக்குப் போட்டேன். "நான் பாத்துக்கறேன்மா, கதை இன்னும் ரெண்டு மாசத்துக்கு வரும்" என்றார். அவருக்கு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் மானம் என்று மூடிக்கொண்டேன்.

நோட்டைப் பார்த்து ஒரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். தொண்ணூறு நாளும், இது யார் மூச்சு என்ற குறிப்போடு. நீங்களாகச் சொன்னால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும். மார்ச் முதல் தேதி வரைக்கும் பொறுக்கிறேன். ஏழு நாள். அதற்குள் சொல்லாவிட்டால் நானே போய் டாக்டரிடம் கொடுத்துவிடுவேன். பிறகு நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

இதை எழுதிவிட்டு வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. என் பொய் வெளியே வராமல் காப்பாற்று என்று கேட்க முடியுமா? இவரைத் தூங்காமல் வை என்று கேட்டேன். பாதியில் தூங்கி விழுந்துவிட்டேன்.

உங்கள் மனைவி


மார்ச் 2

நீ டி.வி.யில் பார்த்திருப்பாய், அல்லது மகள் சொல்லியிருப்பாள். போனில் உன் குரலைக் கேட்டும் என்னால் பேச முடியவில்லை. எழுதுகிறேன்.

இருபத்தேழாம் தேதி. பட்டப்பகல், இரண்டே கால் மணி. முப்பத்தொரு பேர் இருந்தார்கள். கடலை தீர்ந்துவிட்டது. நெட்டை பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மச்சான் பெண் வீட்டுக்குள் போய்விட்டான், காபி வந்துவிட்டது, தட்டை எடுத்து வந்தது பெண்ணா, பெண்ணின் தங்கையா என்று மச்சானுக்குத் தெரியவில்லை. அது வரைக்கும் கேட்டேன். அடுத்து நான் கேட்டது சத்தம்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடது பக்கம் மோதியிருக்கிறது. சுவர் உடைந்தது, வண்டி தொங்கவில்லை. ஒன்பது பேருக்குத் தையல். உட்கார்ந்திருந்தவர்கள் அதோடு தப்பித்தார்கள். நெட்டை நின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் தையலோடு போயிருக்கும். என்னை விழிக்க வைக்கத்தான் நின்றான். இடுப்பு எலும்பும் தொடையும் நொறுங்கிவிட்டன. இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. நடப்பானா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

எனக்கு உதட்டில் ஒரு கீறல். அவ்வளவுதான். கண்ணாடியில் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

உன் ஏழு நாள் கடிதம் என் பையில் இருந்தது. இருபத்தாறாம் தேதியே வந்துவிட்டது. படித்தேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

வண்டி மோதிய அன்று ராத்திரி பார்சலைப் பிரித்தேன். வாரில் இரண்டு புள்ளி இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நான்தான் என் மனைவியை மாட்டிக்கொள்ளச் சொன்னேன், அவளுக்கு எதுவும் தெரியாது என்று. நீ வாயைத் திறக்காதே.


மார்ச் 8

என்னங்க,

ஆண்டவன் துணை என்று எழுதி இரண்டு தாள் கிழித்தேன். இந்தத் தாளில் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால், மூன்றாம் தேதியே, நான் போய்ப் பிரதியைக் கொடுத்துவிட்டேன். டாக்டரிடம் ஒன்று, உங்கள் பழைய டிப்போ ஆபீஸில் ஒன்று. அதில் கடைசி வரியாக, என் கணவருக்கு இது தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் அதிகாரியின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தயவுசெய்து உங்களுடையதைத் திருத்திவிடுங்கள். எனக்காக இன்னொரு பொய்க் கணக்கு வேண்டாம். ஒன்றே போதும், அதற்கே ஒரு மனுஷனின் இடுப்பு போய்விட்டது.

ஏழு நாள் என்று எழுதினேனே. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏன் ஏழு? ஏன் ஒரு நாள் இல்லை? கண்டக்டர் அண்ணனின் வீட்டம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

டாக்டர் பிரதியை முழுக்கப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, உங்க எடை எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நோட்டில் உங்கள் எடை இருக்கிறது, மகள் பிறந்ததிலிருந்து அவளுடைய உயரமும் எடையும் இருக்கின்றன, என் பெயருக்கு ஒரு பத்தி இல்லை. ஏறி நின்றேன். 93. பிறகு என்னையும் ஓர் இரவு ஒயர்களோடு படுக்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்தைந்து முறை நிற்கிறதாம்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு மூச்சு நிக்கறதை வீட்ல யாரும் கவனிக்கலையா" என்றார். கவனிக்கிற வேலை என்னுடையது என்றேன்.

எனக்கு மெஷின் வர இரண்டு மாதம் ஆகுமாம். எடையைக் குறைக்கச் சொன்னார். நோட்டில் எனக்கு ஒரு பத்தி கோடு போட்டேன். மாடிப்படி ஏறுகிறேன். நீங்கள் இரண்டாம் மாடியில் ஏன் நின்று நின்று வந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. நான் கீழே இருந்து, இன்னும் இரண்டு மாடி இருக்கு என்று கத்துவேன்.

உங்களுடைய மெஷினை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். இனி அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் மனைவி


மார்ச் 24

கணக்குக்கு,

திருத்திக் கொடுத்துவிட்டேன். அதிகாரி, எது உண்மை என்று கேட்டார். அவள் எழுதியதுதான் என்றேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரும். உனக்கும் சம்மன் வரும், சேர்ந்து போகலாம். இருபத்தாறு வருஷம் சட்டைப் பையில் இருந்த அட்டை. பை இப்போது வெறுமனே தொங்குகிறது, கடலையும் இல்லை.

பகலில் ஆஸ்பத்திரியில் நெட்டை பக்கத்தில் இருக்கிறேன். அவன் வீட்டம்மா வரும்போது மட்டும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். முதல் இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். போன வியாழக்கிழமை தைரியம் வந்து கேட்டேன், காபி கொண்டுவந்தது பெண்ணா, தங்கையா என்று.

"முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்டா" என்றான்.

திட்டினானா, கிண்டல் செய்தானா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். இனி அந்தக் கதையை நான் கேட்க முடியாது.

தராசில் ஏறினேன். 111. பார்சல்காரர் ரசீது எழுதப் போனவர் கடைசி வரிக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். எடையை மட்டும் எழுதுங்கள் என்றேன். இதோடு இருக்கிறது.

உன் கடிதத்தில் ஓர் எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முப்பத்தைந்து. பக்கத்திலேயே படுத்திருந்தேன். ஒன்றுகூட எனக்குக் கேட்டதில்லை. உனக்குக் குறட்டை வரும் என்பதே எனக்குத் தெரியாது. நீ என்னுடையதை எண்ணிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய். உன்னுடையதை எண்ண யாரும் இல்லை.

இந்த மாசக் கடைசியில் வந்துவிடுகிறேன். உனக்கு மெஷின் வரும் வரை ஒன்றுதான். முறை வைத்துக்கொள்வோம். ராத்திரி முதல் பாதி நீ மாட்டித் தூங்கு, நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் என்னை மாட்டிவிட்டு நீ உட்கார். நான் பிடுங்கி எறிந்தால் எழுப்பு. கையைத் தட்டிவிட்டாலும் எழுப்பு. காலையில் எழுந்து போக எனக்கு இப்போது இடம் எதுவும் இல்லை, தூக்கம் கெட்டால் ஒன்றும் குடி முழுகாது. வாரில் அந்த இரண்டு புள்ளியையும் அழிக்கவில்லை. எப்படியும் தேவைப்படும்.

இங்கே ரூமில் தினமும் மாட்டுகிறேன். முதல் நாள் ஒருத்தன் கணபதி என்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவனும் சொல்லவில்லை.

உன் நோட்டில் என் பத்தியை மறுபடி ஆரம்பி. தேதி போட்டு எழுதிக்கொள். திங்கள், ஒரு மணி நாற்பது நிமிடம். செவ்வாய், இரண்டு மணி. புதன், ஐம்பது நிமிடம், பிடுங்கிவிட்டேன். வியாழன், வெள்ளி, இரண்டரை. நேற்று மூன்று மணி பத்து நிமிடம்.

நாலு ஆகவில்லை. மூன்று பத்து என்றே எழுது.